நைல் நதியில் கப்பல் பயணம்: பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்க!

சென்னை:

"எகிப்து 8 நாள். பிரமிடு, நைல் நதியில் சொகுசு கப்பல், 3 வேளை சாப்பாடு, எல்லாம் அடக்கம்!" - இப்படி ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. ராயபுரத்தை சேர்ந்த ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர் ஒருவர், பி.எப். பணத்தில் இருந்து ஒரு பங்கை எடுத்து தனக்கும் மனைவிக்குமாக கட்டிவிட்டார்.

30 பேர் கொண்ட குழு. போனார்கள், பார்த்தார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் அஸ்வான் ஊரில் கப்பல் நின்றபோது, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கைடு ஒரு பேப்பரோடு வந்தார்.

"காலையில் 4 மணிக்கு அபு சிம்பெல் கிளம்புறவங்க பேர் கொடுங்க. அதுக்கு தனிக்கட்டணம்" என்றார்.

நம்ம ஆளுக்கு தூக்கிவாரிப் போட்டது. நோட்டீசின் முதல் பக்கத்தில், 4 ராட்சத சிலைகள் உட்கார்ந்திருக்கிற மாதிரி பெரிய படம் போட்டிருந்தார்களே, அந்த இடம்தான் அபு சிம்பெல். அந்தப் படத்தை பார்த்துத்தான் அவர் பணமே கட்டினார்.

கையில் மிச்சம் இருந்த டாலர் ஒருத்தருக்குத்தான் போதும். "நீங்க போய்ட்டு வாங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தார். "உன்னை விட்டுட்டு நான் மட்டும் போய் என்னத்த பாக்கறது?" என்று அவரும் போகவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் கப்பல் மாடியில் உட்கார்ந்து நதியை பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்து நோட்டீசை மறுபடி எடுத்துப் பார்த்தால், கடைசி பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: "அபு சிம்பெல் - விருப்பப்பட்டால், கூடுதல் கட்டணம்". ஆக, இதை மோசடி என்றும் சொல்ல முடியாது. கேட்காமல் விட்டதுதான் தப்பு.

முன்பெல்லாம் வெளிநாட்டு சுற்றுலா என்றால் சிங்கப்பூர், மலேசியாவோடு சரி. இப்போது சேமிப்புப் பணத்தை வைத்துக்கொண்டு எகிப்து வரைக்கும் போக சாதாரண குடும்பத்தினரும் ஆசைப்படுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக, இந்த கப்பல் சுற்றுலா எப்படி நடக்கிறது, காசு எங்கே கூடுதலாக போகிறது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

கப்பல் இல்லீங்க, மிதக்கிற லாட்ஜ்!

சென்னையில் இருந்து எகிப்து தலைநகர் கெய்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நாடு எதிலாவது இறங்கி மாற வேண்டும். கெய்ரோவில் பிரமிடு, மியூசியம் பார்த்துவிட்டு அங்கிருந்து சுமார் 650 கிலோ மீட்டர் தெற்கே இருக்கிற லக்சர் ஊருக்கு விமானத்திலோ, ராத்திரி ரெயிலிலோ கூட்டிப் போவார்கள். கப்பல் ஏறுவது லக்சரில்தான்.

நைல் நதி ஆறாயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிற நதி. ஆனால் சுற்றுலா கப்பல்கள் பெரும்பாலும் லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவில் உள்ள சுமார் 200 கிலோ மீட்டர் தூரத்தில்தான் போய் வருகின்றன. பழைய கோவில்கள் வரிசையாக கரையோரம் இருப்பது இந்த இடத்தில்தான்.

இந்த நதியில் ஒரு வேடிக்கை. தெற்கில் இருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் தெற்கே இருக்கிற பகுதிக்குத்தான் "மேல் எகிப்து" என்று பெயர். மேப்பில் கீழே இருப்பது மேல், மேலே இருப்பது கீழ்! காற்றோ பெரும்பாலும் வடக்கில் இருந்து வீசும். அந்தக் காலத்து ஆட்கள் தெற்கே போக பாய் விரிப்பார்கள், வடக்கே வர பாயை சுருட்டிவிட்டு தண்ணீர் போக்கிலேயே விட்டுவிடுவார்கள். டீசல் செலவே இல்லாத போக்குவரத்து. டன் கணக்கில் எடையுள்ள கல்லை எல்லாம் இப்படித்தான் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

சரி, கப்பல் விஷயத்துக்கு வருவோம். 4, 5 மாடி. மேல்தளத்தில் சின்னதாக ஒரு நீச்சல் குளம், கீழே சாப்பாட்டு கூடம். பயணம் 3 ராத்திரி அல்லது 4 ராத்திரி. ஆனால் அத்தனை நாளும் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாள் ராத்திரி லக்சர் கரையிலேயே நிற்கும். கடைசி ராத்திரி அஸ்வான் கரையில் நிற்கும். நடுவில்தான் ஓட்டம்.

நிற்கும்போது இன்னொரு கூத்து. கரையில் இடம் போதாததால் கப்பல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, 4, 5 கூட வரிசையாக கட்டிவிடுகிறார்கள். உங்கள் கப்பல் கடைசியில் இருந்தால், அடுத்தவன் கப்பல் வரவேற்பு கூடம் வழியாக ஒவ்வொன்றாக தாண்டித்தான் கரை ஏற வேண்டும். "நதியை பார்த்த மாதிரி ரூம்" என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர் ஜன்னல் திரையை விலக்கினால், எதிர்க் கப்பல்காரர் பல் விளக்கிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு முழம்கூட இருக்காது.

ராயபுரத்துக்காரரின் மனைவி பகலில் திரையை திறக்கவே இல்லையாம்.

எஸ்னாவில் துணிக்கடை

இந்தப் பயணத்தில் காசு கொடுக்காமல் பார்க்கிற நல்ல வேடிக்கை எஸ்னா என்ற ஊரில் நடக்கிறது.

அங்கே நதிக்கு குறுக்கே தடுப்பணை இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் உயரம், இன்னொரு பக்கம் தாழ்வு. அதை கப்பல் தாண்டுவதற்கு தண்ணீரால் ஆன லிப்ட் மாதிரி ஒரு ஏற்பாடு. கப்பல் ஒரு தொட்டிக்குள் நுழையும். பின்னால் கதவை மூடுவார்கள். தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். கப்பல் மெதுவாக மேலே எழும்பும். மேல்மட்டத்துக்கு வந்ததும் முன் கதவை திறப்பார்கள். அவ்வளவுதான், மோட்டாரால் தூக்கும் வேலையே கிடையாது.

தொட்டிக்குள் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு கப்பல்தான் போக முடியும். மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும். சில நாள் மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தை விடுவார்களா வியாபாரிகள்? சின்னச் சின்ன படகில் கப்பலை சுற்றி வளைத்துக் கொள்கிறார்கள். மேஜை விரிப்பு, அங்கி, சால்வை என்று பாலிதீன் பையில் சுருட்டி, 4 மாடி உயரத்துக்கு குறி தவறாமல் எறிகிறார்கள். பிடித்திருந்தால் பேரம் பேசி, அதே பையில் பணத்தை போட்டு கீழே எறிய வேண்டும். பிடிக்கவில்லை என்றால் துணியை எறிந்துவிட வேண்டும்.

நம்ம பாரிமுனை நடைபாதை பேரம் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை. முதலில் சொல்கிற விலையில் பாதிக்கும் கீழே இருந்து ஆரம்பிக்கலாம். எறிந்த பை தண்ணீரில் விழுந்தால் யார் கணக்கு என்பதுதான் சண்டையாகிவிடும்!

டிக்கெட்டில் எது உள்ளே, எது வெளியே?

இதுதான் முக்கியமான விஷயம். லக்சரில் கர்னாக் கோவில் என்று ஒன்று. அதில் ஒரே மண்டபத்தில் 134 கல்தூண்கள். நடுவில் உள்ள 12 தூண்கள் மட்டும் 65 அடிக்கு மேல் உயரம். இது எல்லா குழுவுக்கும் டிக்கெட்டில் அடக்கமாகவே இருக்கும்.

நதிக்கு மேற்குக் கரையில் அரசர்களின் பள்ளத்தாக்கு. செத்த ராஜாக்களை மலையை குடைந்து புதைத்த இடம். இங்கேதான் சிக்கல். சாதாரண டிக்கெட்டுக்கு 3 கல்லறைக்குள்தான் போகலாம். 1922-ம் ஆண்டு ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தாரே, தங்க முகமூடி ராஜா துட்டன்காமுன், அவர் கல்லறைக்கு தனி டிக்கெட். செட்டி ராஜாவின் கல்லறைக்கும் தனி. நோட்டீசில் "அரசர்களின் பள்ளத்தாக்கு" என்று போட்டிருந்தால் அந்த 3-ஐத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லறைக்குள் கைடு வந்து விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியிலேயே படத்தை காட்டி சொல்லிவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார். எனவே வெளியில் சொல்வதை காது கொடுத்து கேட்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால், உள்ளே போய் சுவரை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். படிகள் செங்குத்தாக இறங்கும். உள்ளே புழுக்கம். மூட்டு வலிக்காரர்கள் எந்தக் கல்லறையில் படி குறைவு என்று கைடிடம் கேட்டு போவது நல்லது.

கூடுதல் கட்டணம் என்று கப்பலில் வைத்து கேட்பதில் அபு சிம்பெல், லக்சரில் அதிகாலை பலூன் பயணம், அஸ்வானில் நூபியன் கிராமம் ஆகியவை முக்கியமானவை. பலூன் ஏறுவது அவரவர் இஷ்டம். ஆனால் 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் இதே லக்சரில் பலூன் தீப்பிடித்து விழுந்து 19 சுற்றுலா பயணிகள் செத்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு ஏறுங்கள். எடுத்திருக்கிற பயண இன்சூரன்ஸ் பலூனுக்கு செல்லுமா என்றும் கேளுங்கள்.

எட்பு என்ற ஊரில் கப்பலில் இருந்து கோவிலுக்கு குதிரை வண்டி. அந்த வண்டி வாடகை அடக்கமா, வண்டிக்காரருக்கு டிப்ஸ் யார் கொடுப்பது என்று இறங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு பேசினால் நீங்கள்தான் தோற்பீர்கள். எட்பு கோவில் மணலுக்குள் புதைந்து, அதன் கூரை மேலேயே ஜனங்கள் வீடு கட்டி குடியிருந்திருக்கிறார்கள். 1860-ல்தான் தோண்டி எடுக்க ஆரம்பித்தார்கள். மணல் மூடியிருந்ததால் எகிப்தில் இன்றைக்கு ரொம்பவும் சேதமாகாமல் நிற்கிற கோவில் அதுதான்.

டிப்ஸ் கதை தனி. அங்கே அதற்கு "பக்சிஸ்" என்று பெயர். கப்பல் ஊழியர்களுக்கு மொத்தமாக ஒரு கவர், கைடுக்கு தனி, டிரைவருக்கு தனி. கக்கூஸ் வாசலில் பேப்பர் கொடுப்பவருக்கும் சில்லறை. தலைக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று சில கம்பெனிகள் முன்கூட்டியே வசூலித்து விடுகின்றன. அதுதான் நிம்மதி. கப்பலில் குடிக்கிற தண்ணீர் பாட்டிலுக்குக்கூட பல இடங்களில் காசு.

பல டிக்கெட் கவுண்டர்களில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டும்தான். வெளிநாட்டில் வேலை செய்கிற கார்டா என்று பேங்கில் கேட்டு திறந்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அபு சிம்பெல் ஏன் தனி?

ராயபுரத்துக்காரர் பார்க்காமல் வந்த அந்தக் கோவில் அஸ்வானில் இருந்து சுமார் 280 கிலோ மீட்டர் தள்ளி, பாலைவனத்துக்கு நடுவில் இருக்கிறது. லக்சரில் ஏறுகிற கப்பல் அங்கே போகவே முடியாது. அஸ்வான் பெரிய அணை குறுக்கே நிற்கிறது. பஸ்சில் போக மூணரை மணி நேரம், வர மூணரை மணி நேரம். அதனால்தான் விடியும் முன்பே கிளம்புகிறார்கள், தனிக்கட்டணமும் கேட்கிறார்கள்.

ஆனால் போனால் பார்க்கிற மாதிரி இடம். 3 ஆயிரத்து 200 வருசத்துக்கு முன்னால் 2-ம் ராம்சேஸ் ராஜா மலையை குடைந்து கட்டியது. வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு சிலையும் சுமார் 65 அடி உயரம். வருசத்தில் 2 நாள், பிப்ரவரி 22, அக்டோபர் 22-ந் தேதிகளில் காலை வெயில் நேராக கருவறை வரைக்கும் போய் விழும்.

இதைவிட ஆச்சரியம், அந்தக் கோவில் இப்போது இருப்பது அதன் சொந்த இடத்தில் இல்லை. 1960-ல் அஸ்வான் பெரிய அணை கட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஏறினால் கோவில் முழுகிவிடும். உடனே யுனெஸ்கோ மூலம் பல நாடுகளும் பணம் போட்டன. 1964-ல் இருந்து 1968 வரை, கோவிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டாக அறுத்து, நம்பர் போட்டு, 65 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் அப்படியே மறுபடி ஒட்டிவிட்டார்கள். பின்னால் தெரிகிற மலையும் செயற்கை மலைதான். அறுத்த கோடு எங்கே என்று தேடிப் பார்க்கிறவர்கள் நிறைய பேர்.

கோவிலை காப்பாற்றியது எல்லோருக்கும் தெரியும். மனிதர்கள் கதை அவ்வளவாக பேசப்படுவதில்லை. அந்தத் தண்ணீரில் வீடு, நிலம், தோப்பு, சுடுகாடு எல்லாம் முழுகிப்போன நூபியர்கள், எகிப்து பக்கம் மட்டும் சுமார் 50 ஆயிரம் பேர். அவர்களை கோம் ஓம்போ பக்கம் புதுக் குடியிருப்பு கட்டி அனுப்பினார்கள். நதிக்கரையில் பிறந்தவர்களுக்கு நதியை விட்டுத் தள்ளி வீடு. கோம் ஓம்போவில் முதலை சாமி கோவிலை பார்த்துவிட்டு, பதப்படுத்தி வைத்த முதலைகளையும் பார்த்துவிட்டு கப்பல் ஏறுகிறார்களே, அந்த ஊர்ப் பக்கம்தான். அஸ்வானில் "நூபியன் கிராமம்" என்று படகில் கூட்டிப்போய் கலர் அடித்த வீடுகளை காட்டும்போது இதையும் நினைவில் வைத்துக் கொண்டால், டீ கொடுக்கிற பாட்டியிடம் பேரம் பேச மனசு வராது.

மியூசியம் எது என்று எழுதி வாங்குங்க

கெய்ரோவில் இப்போது 3 பெரிய மியூசியம் இருக்கிறது. பழைய நோட்டீசை அப்படியே அச்சடித்து கொடுக்கிறவர்கள் "கெய்ரோ மியூசியம்" என்று மொட்டையாக போடுகிறார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

தகிரீர் சதுக்கத்தில் இருக்கிற பழைய மியூசியத்தில் முன்பு துட்டன்காமுன் தங்க முகமூடி இருந்தது. இப்போது அங்கே இல்லை. பிரமிடுக்கு பக்கத்தில் 2025 நவம்பரில் திறந்த புதிய பிரமாண்ட மியூசியத்துக்கு போய்விட்டது. ராஜா, ராணிகளின் உடல்களை பார்க்க வேண்டும் என்றால் அது மூன்றாவது மியூசியம். 22 உடல்களை 2021 ஏப்ரலில் ஊர்வலமாக வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். அபு சிம்பெல் கட்டிய அதே 2-ம் ராம்சேஸ் அங்கேதான் படுத்திருக்கிறார்.

அவர் உடலை பதப்படுத்தியபோது மூக்குத் துளைக்குள் மிளகை வைத்திருக்கிறார்கள். மிளகு விளைந்தது நம்ம தென்னிந்தியாவில். 3 ஆயிரம் வருசத்துக்கு முன்னால் இங்கே பறித்த மிளகு, ராஜா மூக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது!

நமக்கு முன்னால் போன கொற்றன்

நம்ம ஆட்கள் எகிப்துக்கு போவது புதுசு ஒன்றும் இல்லை. செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன், சாத்தன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. இன்னொரு ஓட்டில் "பானை உறி" என்று இருந்தது. நம்ம வீட்டு உறிதான்! பெரனிகே துறைமுகத்தில் ஒரு ஜாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. அங்கே இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனத்தை கடந்து, லக்சருக்கு வடக்கே நைல் கரைக்கு வந்து, படகு ஏறி கடல் வரைக்கும் போகும். இன்றைக்கு சுற்றுலா கப்பல் ஓடுகிற நைல்தான்.

2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கல்வெட்டு கருத்தரங்கில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு தகவல் சொன்னார்கள். அரசர்களின் பள்ளத்தாக்கில், கல்லறை சுவர்களிலேயே தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. சிகை கொற்றன் என்ற ஆள், 5 கல்லறையில் 8 இடத்தில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட 2 ஆயிரம் வருசத்துக்கு முன்னால் வியாபாரத்துக்கு போன இடத்தில், சுற்றிப் பார்க்க போய், கிரேக்கர்களும் ரோமானியர்களும் எழுதியிருப்பதை பார்த்து இவரும் எழுதியிருக்கிறார் போலிருக்கிறது.

அதைப் பார்த்து நீங்களும் சாவியை எடுத்து கீறிவிடாதீர்கள். இப்போது அது ஜெயில் குற்றம். 2013-ல் லக்சர் கோவிலில் ஒரு சீன பையன் பெயரை கீறி வைத்தது அவன் நாட்டில் பெரிய ரகளையாகி, பெற்றோர் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார்கள்.

மே மாதம் வேண்டாம்

நம்ம ஊரில் பள்ளிக்கூட லீவு மே மாதம். அதே நேரத்தில் "சிறப்பு சலுகை" என்று எகிப்து சுற்றுலா மலிவாக வருகிறது. காரணம், அப்போது லக்சர், அஸ்வானில் வெயில் சாதாரணமாக 40 டிகிரியை தாண்டுகிறது. கோவில் எல்லாம் திறந்த வெளி, ஒதுங்க மரம் கிடையாது. அக்டோபரில் இருந்து மார்ச் வரை போனால் பணம் கொஞ்சம் கூட ஆகும், உடம்பு தப்பிக்கும்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கப்பலில் ரொட்டி, சோறு, காய்கறி, தயிர் இருக்கும். கெய்ரோ தெருவில் "கொசரி" என்று ஒன்று விற்கிறார்கள். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம் எல்லாம் கலந்து மேலே தக்காளி குழம்பு. கூலி வேலைக்கு போகிறவர்கள் வயிறு நிறைய சாப்பிடுகிற சாப்பாடு. ஊறுகாய் பாட்டிலை மட்டும் பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

நடுவில் பாப்பிரஸ் கடை, சென்ட் கடை என்று பஸ் நிற்கும். "மியூசியம் மாதிரி, பார்க்க மட்டும்தான்" என்பார்கள். கடைதான். கமிஷன் உண்டு. வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. தெருவில் மலிவாக விற்கிற பாப்பிரஸ் பலது வாழைப் பட்டையில் செய்தது.

கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்ப வரலாம்

வெளிநாட்டு சுற்றுலா பேக்கேஜுக்கு பணம் கட்டும்போது ஜி.எஸ்.டி. தவிர "டி.சி.எஸ்." என்று இன்னொரு வரியும் பிடிக்கிறார்கள். இது உங்கள் பான் கார்டு கணக்கில் வருமான வரியாக முன்கூட்டியே வரவு வைக்கப்படுகிற பணம். வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், கணக்கு தாக்கல் செய்தால் அதை திரும்ப வாங்கலாம். பலருக்கு இது தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ராயபுரத்துக்காரரும் விட்டிருப்பார். இந்த விவரம் சேகரிக்க போனபோதுதான் அவருக்கே தெரிந்தது. பெட்டியில் இருந்து ரசீதை தேடி எடுத்தவர், அது எவ்வளவு என்று கண்ணாடியை போட்டுப் பார்த்துவிட்டு மனைவியை கூப்பிட்டார்.

"இந்தா, அந்த அபு சிம்பெல் காசு இதுலயே இருந்திருக்கு பாரு" என்றார்.